பனியன் கம்பெனிக்குச் சைபர் பாதுகாப்பு: எதை முதலில் செய்வது?

திருப்பூரில் சின்னக் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுப்பது என் தொழில். பத்து சிஸ்டம், மிஞ்சிப் போனால் இருபத்தைந்து சிஸ்டம் இருக்கிற இடங்கள்: பனியன் கம்பெனி, பிரிண்டிங் யூனிட், நூல் வியாபாரம், ஒன்றிரண்டு ஆடிட்டர் ஆபீஸ். "செக்யூரிட்டிக்கு என்னங்க வாங்கணும்?" என்று முதலாளிகள் கேட்கும்போது நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். நாளைக் காலையில் டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) திறக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? "உங்களைத்தான் கூப்பிடுவேன்" என்று சிரிப்பார்கள். என்னைக் கூப்பிட்டும் ஒன்றும் ஆகாமல் போன நாட்கள் உண்டு, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விற்க வருகிறவர் முதலில் இன்டர்நெட்டிலிருந்து வருவதை வடிகட்டும் ஃபயர்வால் பெட்டியைக் காட்டுவார், அப்புறம் ஆன்டிவைரஸ் லைசென்ஸ், கடைசியில் நேரம் இருந்தால் பேக்கப் பற்றி ஒரு வார்த்தை. நான் இந்த வரிசையைத் தலைகீழாகப் போடச் சொல்கிறேன். நான் பார்த்தவரை நம் மாதிரிக் கம்பெனிகளில் காசு போவது பெரும்பாலும் இரண்டு வழியில்தான்: டேட்டாவை யாரோ பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறார்கள், இல்லையென்றால் நாமே ஏமாந்து வேறு யாருடைய பேங்க் கணக்குக்கோ பணத்தை அனுப்புகிறோம். முதலில் இந்த இரண்டையும் அடைத்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

பேக்கப்

ஒரு பிரிண்டிங் யூனிட். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குப் போன் வந்தது, "டேலி ஓப்பன் ஆக மாட்டேங்குதுங்க." போய்ப் பார்த்தால் சர்வரில் உள்ள எல்லா ஃபைல் பெயருக்கும் பின்னால் புரியாத ஏழெட்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன, டெஸ்க்டாப்பில் ஒரு நோட்பேட் ஃபைல், அதில் பிட்காயினில் பணம் கட்டச் சொல்லி ஆங்கிலத்தில் கடிதம். பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். அக்கவுண்டண்ட் தைரியமாகத்தான் சொன்னார், தினமும் சாயங்காலம் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் எடுக்கிறோம் என்று. அந்த டிஸ்க் சர்வரின் பின்பக்கம் யுஎஸ்பியில் சொருகியபடியே இருந்தது, மாதக்கணக்கில் யாரும் கழற்றியதில்லை. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் இந்த ரேன்சம்வேருக்கு அது இன்னொரு டிரைவ், அவ்வளவுதான். சி டிரைவைப் பூட்டிய அதே கையோடு அதையும் பூட்டியிருந்தது.

ஏழு மாதக் கணக்கைத் திரும்பப் போட்டார்கள். விற்பனையை ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்கெனவே தாக்கல் செய்திருந்த ஜிஎஸ்டிஆர்-1 இலிருந்து எடுத்தார்கள், கொள்முதலை அதே போர்ட்டலில் கிடைக்கும் 2பி அறிக்கையிலிருந்து, வரவு செலவை பேங்க் ஸ்டேட்மெண்டிலிருந்து. ஜாப் ஒர்க் கணக்குக்கு மட்டும் பேப்பர் செலான்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து உட்கார்ந்தார்கள். அந்த அறையில் அடித்த பழைய பேப்பர் வாசனை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எனவே செய்ய வேண்டியது இது. பேக்கப்பில் 3-2-1 என்று ஒரு பழைய கணக்கு உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வேறு வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று கட்டடத்துக்கு வெளியே. நம் அளவுக்கு இதை எப்படிச் செய்வது என்றால், இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள், மேலே மார்க்கரில் "அ", "ஆ" என்று எழுதுங்கள். இந்த வாரம் "அ", அடுத்த வாரம் "ஆ". சாயங்காலம் டேலியை எல்லோரும் மூடிய பிறகு சொருகி, காப்பி எடுத்து, கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். அந்த வாரம் வேலையில் இல்லாத டிஸ்க் முதலாளி வீட்டில் இருக்கட்டும். கழற்றுவதுதான் இதில் முக்கியம், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

"கூகுள் டிரைவில் தானாக ஏறிக்கொள்கிறதே, போதாதா?" என்றால், போதாது. சிங்க் என்பது இங்கே நடப்பதை அங்கேயும் அப்படியே செய்வது. இங்கே ஃபைல் கெட்டால் கெட்ட ஃபைலும் ஒழுங்காக மேலே ஏறிவிடும். பழைய வெர்ஷனைத் திரும்ப எடுக்க முடியும் என்றாலும் டிரைவில் சாதாரண ஃபைல்களின் பழைய வெர்ஷன்கள் 30 நாட்கள் அல்லது 100 வெர்ஷன் வரைதான் இருக்கும், ஆயிரக்கணக்கான ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு இழுப்பது சாமானிய வேலையும் இல்லை. காசு இருந்தால், குறிப்பிட்ட நாள் வரை யாராலும், அட்மினாலும்கூட, அழிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் கிளவுட் பேக்கப் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

அப்புறம் இன்னொன்று. எடுத்த பேக்கப்பை மாதம் ஒருமுறை வேறு ஒரு சிஸ்டத்தில் திறந்து பாருங்கள். கடைசி பில் நம்பர் சரியா, இரண்டு பார்ட்டிகளின் பாக்கி சரியா என்று டேலியோடு ஒப்பிட்டால் பத்து நிமிடம்தான் ஆகும். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பெரிய கம்பெனிகளும் இதில் தப்பியதில்லை. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற மால்வேர் உக்ரைனில் ஒரு கணக்கியல் சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாகக் கிளம்பி, நம் ஊர்ச் சரக்கையும் ஏற்றிச் செல்லும் மெர்ஸ்க் கப்பல் கம்பெனியை முடக்கிப் போட்டது. மும்பை ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் டெர்மினலிலும் வேலை நின்றது. பத்தே நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், யார் யாருக்கு எந்த அனுமதி என்ற விவரத்தை வைத்திருக்கும் டொமைன் கண்ட்ரோலர்கள் உலகம் முழுக்க ஒரேயடியாக அழிந்துபோக, கானாவில் இருந்த ஒன்று மட்டும் பிழைத்தது. அன்றைக்கு அங்கே கரண்ட் இல்லை, அது ஆஃப் ஆகிக் கிடந்தது! அந்த ஒன்றை வைத்துத்தான் மீண்டார்கள். பீரோவில் கழற்றி வைத்த டிஸ்க்கும் அதே வேலையைத்தான் செய்கிறது, கரண்ட் கட்டை நம்பியிருக்க வேண்டியதில்லை.

மெயிலில் வரும் பேங்க் கணக்கு

எக்ஸ்போர்ட் செய்கிறவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

முதலில் யாரோ ஒருவருடைய மெயில் பாஸ்வேர்டு போகிறது, பெரும்பாலும் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருடையது, அல்லது அக்கவுண்ட்ஸ் மெயில். "உங்கள் மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது, இங்கே லாகின் செய்யுங்கள்" என்று வரும் போலிப் பக்கத்தில் அவரே டைப் செய்து கொடுத்திருப்பார். உள்ளே வந்தவன் உடனே எதுவும் செய்யமாட்டான். வாரக்கணக்கில் உட்கார்ந்து படிப்பான்: எந்த பையர், எந்த இன்வாய்ஸ், ஷிப்மெண்ட் எப்போது, பேமெண்ட் எப்போது, நீங்கள் கடிதத்தை எப்படி முடிப்பீர்கள், எல்லாம். பணம் வர வேண்டிய வாரத்தில் பையருக்கு ஒரு மெயில் போகும், எங்கள் கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்தமுறை மட்டும் இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று. பழைய கடிதத் தொடரிலேயே, உங்கள் கையெழுத்து, லோகோ எல்லாம் போட்டு. அனுப்பும் முகவரியில் மட்டும் சின்ன மாற்றம் இருக்கும்: ஆங்கில m எழுத்துக்குப் பதில் r, n இரண்டையும் ஒட்டிப் போட்டால் போன் திரையில் யாருக்கு வித்தியாசம் தெரியும்? பையர் பணம் அனுப்பிவிடுவார். சரக்கு கப்பலில் இருக்கும், பணம் எங்கோ போயிருக்கும், அப்புறம் யார் தப்பு என்று இரண்டு பக்கமும் மாதக்கணக்கில் மெயில் போகும்.

இதையே திருப்பிப் போட்டால் உங்களுக்கு நூல் கொடுப்பவர் பெயரில் உங்களுக்கு வரும்.

இதற்குச் சாஃப்ட்வேரைவிட ஒரு வழக்கம்தான் நன்றாக வேலை செய்கிறது. பேங்க் கணக்கு மாறியது என்று எந்த மெயில், எந்த வாட்ஸ்அப் வந்தாலும், ஏற்கெனவே உங்களிடம் உள்ள பழைய நம்பருக்குப் போன் செய்து, குரல் தெரிந்த ஆளிடம் கேட்ட பிறகுதான் மாற்ற வேண்டும். அந்த மெயிலிலேயே கொடுத்திருக்கும் நம்பருக்குக் கூப்பிடாதீர்கள், எடுப்பவன் அவனாகத்தான் இருப்பான். குறிப்பிட்ட தொகைக்கு மேல் என்றால் பேமெண்ட் போடுவது ஒருவர், அப்ரூவ் செய்வது இன்னொருவர் என்று நெட்பேங்கிங்கிலேயே அமைத்துக்கொள்ளலாம், நடப்புக் கணக்குகளுக்கு பேங்க் இதைச் செய்து கொடுக்கும். பையரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், பேங்க் விவரம் மாறினால் வீடியோ காலில்தான் சொல்வோம், மெயிலில் வந்தால் நம்பாதீர்கள் என்று இன்வாய்ஸின் அடியிலேயே ஒரு வரி அச்சடித்துவிட்டார்.

பாஸ்வேர்டு போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் அதை மாற்றினால் மட்டும் போதாது. மெயில் செட்டிங்கில் ஃபார்வர்டிங், ஃபில்டர் அல்லது ரூல்ஸ் என்ற இடங்களைத் திறந்து பாருங்கள். ஒரு கம்பெனியில் நான் பார்த்த ரூல் இப்படி: "இன்வாய்ஸ்" அல்லது "பேமெண்ட்" என்ற சொல் உள்ள மெயில் வந்தால் படித்ததாகக் குறித்து, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு ஃபோல்டருக்குத் தள்ளிவிடு. பையர் மூன்றுமுறை எழுதிக் கேட்டிருக்கிறார், இவர்கள் கண்ணில் ஒன்றுமே படவில்லை. ரூலை அழியுங்கள், பிறகு எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் கொடுங்கள்.

உங்கள் சொந்த டொமைனில் மெயில் இருந்தால், அதை அமைத்துக் கொடுத்தவரிடம் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல் முதலாவது, மெயிலில் குத்தும் முத்திரை இரண்டாவது, இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று எதிர்ப்பக்கத்துக்குச் சொல்லும் உத்தரவு மூன்றாவது. அந்த உத்தரவு "ஒன்றும் செய்யாதே" என்ற நிலையிலேயே வருடக்கணக்கில் கிடப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். சில வாரம் அறிக்கைகளைக் கவனித்துவிட்டு "நிராகரி" வரை ஏற்றச் சொல்லுங்கள். எழுத்து மாற்றிய போலி டொமைனை இது தடுக்காது, அதற்குப் போன்தான்.

பாஸ்வேர்டும் இரண்டாவது பூட்டும்

கம்பெனி பெயரோடு 123 சேர்த்துப் பாஸ்வேர்டு வைப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேலே சொன்ன பிரிண்டிங் யூனிட்டில் அதுதான் இருந்தது, அக்கவுண்டண்ட் வீட்டிலிருந்து வேலை பார்க்க வசதியாக ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்தார்கள். 3389 என்ற அந்தக் கதவு எங்கே திறந்திருக்கிறது என்று உலகம் முழுக்க இரவும் பகலும் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. யாரும் உங்கள் கம்பெனியைக் குறிவைத்து வருவதில்லை, திறந்திருக்கிற கதவுக்குள் வருகிறார்கள்.

நீளமான பாஸ்வேர்டு வையுங்கள், நான்கைந்து சொற்களைச் சம்பந்தமில்லாமல் கோத்தால் போதும். மாதாமாதம் மாற்றச் சொல்வது பழைய பழக்கம், அப்படிச் செய்தால் ஆட்கள் கடைசி எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டு போவார்கள், அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்டே வழிகாட்டுதலில் அதை வேண்டாம் என்றுதான் சொல்கிறது. ஒரே பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் வைக்காதீர்கள், ஞாபகம் வைக்கப் பாஸ்வேர்டு மேனேஜர் பயன்படுத்துங்கள்.

மெயில், நெட்பேங்கிங், கிளவுட், ரிமோட் லாகின் எல்லாவற்றுக்கும் இரண்டாவது பூட்டு கட்டாயம். எஸ்எம்எஸ் ஓடிபியைவிட, போனிலேயே எண்ணை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் மேல், பாஸ்கீ (பாஸ்வேர்டு டைப் செய்யாமல் கைரேகை அல்லது பின் கொண்டு திறப்பது) இன்னும் மேல். 2021 மே மாதம் அமெரிக்காவில் கலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய்க் கம்பெனிக்குள் நுழைந்தவர்கள், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் (வெளியிலிருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள் வரும் தனிப் பாதை) கணக்கின் பாஸ்வேர்டை வைத்துத்தான் நுழைந்தார்கள். அதில் இரண்டாவது பூட்டு இல்லை. கிழக்குக் கரையில் பெட்ரோல் பங்குகள் வறண்டன, கம்பெனி 75 பிட்காயின் கட்டியது, அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர்.

யாரும் பயன்படுத்தாத பழைய கணக்கு என்றதும் உங்களுக்கு யாராவது ஞாபகம் வருகிறார்களா? போன தீபாவளிக்குப் போனஸ் வாங்கிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போன மெர்ச்சண்டைசரின் மெயில் இன்னும் அவர் போனில் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆள் போகும் அன்றே கணக்கை மூடுங்கள், சம்பளக் கணக்கை முடிப்பதோடு சேர்த்து.

ஓடிபி எல்லாம் முதலாளி போனுக்கே வரும்படி வைத்துவிட்டு அவர் விமானத்தில் இருக்கும்போது ஆபீஸே நிற்கிற கதையும் உண்டு. போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் பேக்கப் கோடுகளை அச்சடித்துக் கவரில் போட்டு லாக்கரில் வையுங்கள்.

சிஸ்டங்கள்

விண்டோஸ் 10 இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே ஓட்டுகிறவர்கள் மாறுங்கள், இல்லையென்றால் அந்தச் சிஸ்டத்தை இன்டர்நெட்டிலிருந்து பிரித்துவிடுங்கள். எம்பிராய்டரி மெஷினுக்கும் கட்டிங் பிளாட்டருக்கும் பழைய விண்டோஸ்தான் வேண்டும் என்றால் பரவாயில்லை, அதில் மெயில் பார்க்காமல் இருந்தால் சரி. அப்டேட்டைத் தள்ளிப் போடும் பழக்கத்துக்கு 2017 இன் வான்னாக்ரை ரேன்சம்வேர் நல்ல உதாரணம்: அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, தாக்குதல் வந்தது மே 12 அன்று. இடையில் இரண்டு மாதம் இருந்தது.

ஆன்டிவைரஸ் விஷயத்தில் என் கருத்து, பத்து சிஸ்டம் உள்ள இடத்துக்கு விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே போதும், அதை யாரும் ஆஃப் செய்யாமல் இருந்தால். ஆனால் ஆஃப் செய்வார்கள்! டிசைன் பிரிவில் கிராக் போட்ட சாஃப்ட்வேர் நிறுவும்போது "ஆன்டிவைரஸை நிறுத்து" என்றுதான் முதல் வரியே இருக்கும், அதற்கு என்ன காரணம் என்று யாரும் யோசிப்பதில்லை. ஊழியர்களுக்கு அட்மின் உரிமை கொடுக்காதீர்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே நிற்கும். சிஸ்டம் எண்ணிக்கை கூடினால், பைசா கையாளும் இடமாக இருந்தால், ஒரே இடத்திலிருந்து எல்லாச் சிஸ்டத்தையும் கவனித்து, சந்தேகம் வந்தவுடன் நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிடும் இடிஆர் வகைக்குப் போகலாம். லேப்டாப்களில் டிஸ்க்கையே பூட்டும் பிட்லாக்கரைப் போட்டு வையுங்கள், பஸ்ஸில் தொலைந்தால் பெட்டி மட்டும்தான் போகும்.

போனையும் சிஸ்டம் என்றே நினையுங்கள். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே (ஆப் நிறுவும்) ஃபைலைத் தொட்டால் எஸ்எம்எஸ் படிக்கும் உரிமை வேறு ஒருவன் கைக்குப் போய்விடும், ஓடிபியும் கூடவே.

நெட்வொர்க்

இங்கேதான் ஃபயர்வால் வருகிறது. வாங்குங்கள், தப்பில்லை, ஆனால் அதை அமைத்து, லைசென்ஸ் புதுப்பித்து, மாதம் ஒருமுறை பார்க்க ஆள் இருந்தால் வாங்குங்கள். ரேக்கில் விளக்கு மின்னுவதால் மட்டும் ஒன்றும் ஆகாது. அதற்கு முன் காசில்லாமல் செய்யக்கூடியவை: ரவுட்டரின் பழைய பாஸ்வேர்டை மாற்றுவது, ரிமோட் டெஸ்க்டாப்பை விபிஎன்னுக்குப் பின்னால் தள்ளுவது, வருகிறவர் போகிறவருக்குத் தனி வைஃபை கொடுப்பது, சிசிடிவி பெட்டியையும் பயோமெட்ரிக் மெஷினையும் டேலி சர்வர் இருக்கும் நெட்வொர்க்கிலிருந்து பிரிப்பது. பிரிப்பது ஏன் என்றால், 2013 இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து 4 கோடி கார்டு விவரங்கள் போனது ஏசி, குளிர்பதன வேலை செய்த ஒரு ஒப்பந்ததாரரின் லாகின் வழியாக. அங்கிருந்து பில் போடும் மெஷின்கள் வரை போக வழி இருந்ததுதான் தப்பு. நம் ஊரில் அந்த இடத்தில் எனிடெஸ்க் (தூரத்திலிருந்து சிஸ்டத்தை இயக்கும் ஆப்) போட்டு உள்ளே வரும் சர்வீஸ்காரர்கள் இருக்கிறார்கள், நான் உட்பட. வேலை முடிந்ததும் மூடச் சொல்லுங்கள், எங்களுக்குக் கோபம் வராது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை (சிஸ்டத்தில் நடந்தவற்றின் பதிவுகளை) 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். 2023 இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. தொழிலாளர்களின் ஆதார் நகல்களை எல்லோரும் திறக்கும் ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறவர்கள் அதை இன்றைக்கே பூட்டுங்கள்.

நடந்துவிட்டால்

ஃபைல் பூட்டப்பட்டது தெரிந்தவுடன் லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், எல்லாச் சிஸ்டத்திலும். பேக்கப் டிஸ்க்கை எடுத்துச் சொருகிப் பார்க்கும் ஆசை வரும், சொருகாதீர்கள். திரையைப் போனில் படம் எடுங்கள். உடனே ஃபார்மேட் செய்யவும் வேண்டாம், எப்படி நுழைந்தார்கள் என்று தெரியாமல் திரும்ப நிறுவினால் அதே கதவு வழியாகத் திரும்ப வருவார்கள். யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் மற்றவர்களோடு சேர்ந்து 2016 இல் தொடங்கிய நோ மோர் ரேன்சம் என்ற தளத்தில் சில பழைய ரேன்சம்வேர் வகைகளுக்குச் சாவி இலவசமாகக் கிடைக்கிறது, பணம் கட்ட யோசிக்கும் முன் அங்கே பாருங்கள். பணம் கட்டுவதை நான் யாருக்கும் சொன்னதில்லை. கட்டியும் சாவி வராமல் போகலாம்.

பணம் தப்பான கணக்குக்குப் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930 க்கு உடனே கூப்பிடுங்கள், கூடவே சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்கு அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டும் முன் நிறுத்தப்பட வாய்ப்பு. கூப்பிடும்போது எந்தக் கணக்கிலிருந்து, எந்தக் கணக்குக்கு, எவ்வளவு, எந்த நேரம், யுடிஆர் நம்பர் (பேங்க் பரிவர்த்தனை எண்) என்ன என்று கேட்பார்கள், தேடிக்கொண்டு நிற்காதீர்கள். வெளிநாட்டுக்குப் போன பணம் என்றால் உங்கள் பேங்க் கிளையைப் பிடித்து பேங்க்குகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக ரீகால் (பணத்தைத் திரும்பக் கேட்கும் கோரிக்கை) அனுப்பச் சொல்லுங்கள், பையர் பக்கத்திலிருந்து போயிருந்தால் அவரும் அவர் பேங்க்கில் அதையே செய்ய வேண்டும்.

இந்த நம்பர்களை எல்லாம் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்தால் அந்த நாளில் கம்ப்யூட்டர் திறக்காது. ஒரு தாளில் பெரிதாக எழுதி அக்கவுண்ட்ஸ் மேசைக்கு மேல் ஒட்டுங்கள்: 1930, பேங்க் மேனேஜர், பேக்கப் டிஸ்க் யாரிடம் இருக்கிறதோ அவர். என் நம்பர் நான்காவதாக இருக்கட்டும்.